புதுப்பிப்பு: ஜெர்மனியில் மாணவர் மருத்துவக் காப்பீடு, கடைசியில் எதை எடுத்தேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: முதுநிலைப் படிப்புக்கு ஜெர்மனி போகிறேன், வயது 26, மாதம் 30 யூரோ சொச்சத்துக்குக் கிடைக்கும் தனியார் காப்பீடா, 140 யூரோவுக்கு மேல் ஆகும் அரசுச் சட்டப்படியான காப்பீடா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அரசுக் காப்பீட்டையே எடுத்துவிட்டேன். மாதம் 100 யூரோ மிச்சம் என்ற கணக்கு கடைசிவரை ஆசை காட்டியது உண்மைதான். ஆனால் எனக்குத் தைராய்டு இருக்கிறது. தனியார் திட்டத்தின் நிபந்தனைகளை உட்கார்ந்து படித்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் செலவு கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அரசுக் காப்பீட்டில் அந்தப் பேச்சே இல்லை. இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கேட்கவில்லை, அட்டையைக் காட்டினேன், அவ்வளவுதான். மாத்திரைக்கு மட்டும் 5 யூரோ கட்டினேன்.

இன்னொன்று, இது எனக்கு முன்பு தெரியாது. தனியாரை எடுக்க, அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை அரசுக் காப்பீட்டின் மாணவர் கட்டணத்துக்குத் திரும்பி வர முடியாது. முகவர் ஒருவர் "பிடிக்கலைன்னா அப்புறம் மாத்திக்கலாம் தம்பி" என்று சொன்னாரே, நல்லவேளை நம்பவில்லை.

நான் காப்பீடு எடுத்த தகவலைப் பல்கலைக்கழகத்துக்குக் காப்பீட்டு நிறுவனமே மின்னணு முறையில் அனுப்பிவிட்டது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த மாணவர் கட்டணம் பொதுவாகக் கிடைக்காது, அவர்கள் தனியாக விசாரியுங்கள்.