பழைய உளிகளுக்கும் சீவுளிக்கும் வீட்டிலேயே கருமை ஏற்றலாமா?

வினா – காரைநகர்
அம்மப்பாவின் தச்சுக் கருவிகளுள் சில உளிகளும் வார்ப்பிரும்புச் சீவுளி ஒன்றும் என்னிடம் உள்ளன. கடற்காற்று நேரே படும் வீடு ஆதலால், துருவை முற்றாகத் தேய்த்து எடுத்தாலும் மாரி தொடங்கியதும் மீண்டும் செம்மை படர்ந்துவிடுகின்றது. வர்ணம் பூச மனமில்லை. பழைய துப்பாக்கிக் குழல்களில் காணும் நீலங்கலந்த கருமையை ஏற்ற விரும்புகிறேன். கோஸ்டிக் சோடாவைக் கொதிக்கவைத்துச் செய்யலாம் என்று ஒருவர் கூறினார். அது தகுமா?

மறுமொழி – சுன்னாகம், ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்
தகாது. கோஸ்டிக் சோடாவுடன் நைத்திரேற்று உப்பைக் கலந்து ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் வைத்திருக்கும் அம்முறை பட்டறைக்கு உரியது. அக்கரைசலில் சிறிது தண்ணீர் தெறித்தாலும் அது பொங்கிச் சிதறும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அலுமினியப் பாத்திரத்தையும் அது அரித்துவிடும்.

வீட்டுக்கு ஏற்றது மெதுவான துருமுறை. கருவியின் எண்ணெய்ப்பசையை முழுவதும் கழுவி நீக்கிய பின், சிறிது உப்புக் கரைத்த வினாகிரியை மெல்லப் பூசி, மென்மையான செந்துரு சீராகப் படியும்வரை விட்டுவையுங்கள். பிறகு தூய நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால், அச்செந்துரு மக்னற்றைற்று என்னும் கரிய ஒட்சைட்டாக மாறும். மேலே நிற்கும் கரும்பொடியை எண்ணெய்ப்பசையற்ற இரும்புப் பஞ்சினால் தேய்த்தெடுத்து, மீண்டும் பூசுங்கள். முதற்சுற்றில் சாம்பல் நிறமே தெரியும். சுற்றுகள் கூடக்கூடத்தான் கருமை ஆழமாகும். வார்ப்பிரும்பில் நிறம் உளியில் ஏறுவதுபோல் ஏறாது. சீவுளியின் அடித்தளத்தை விட்டுவிடுங்கள். மரத்தில் உராயும் இடத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது.

மறுமொழி – கொக்குவில், தச்சுத் தொழிலாளி
மாஸ்ரர் கூறியது சரி. ஆயினும் உளிக்கு இத்தனை பாடு வேண்டுமா என்பது என் ஐயம். தம்பி, வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்துத் துருவைக் கழற்றி நன்றாகக் கழுவிய பின், கடுக்காய்த்தோலை அவித்த கசாயத்தில் அமிழ்த்திப் பாருங்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து, கண்முன்னே முதலில் ஊதாவாகவும் பின்னர் மைபோலவும் கறுக்கும். துருமுறையளவு உறுதி இதற்கில்லை; ஆனால் மங்கினால் மறுபடியும் தோய்த்துக்கொள்ளலாம். அடுப்பில் சுட்டு எண்ணெயில் தோய்க்கும் வழியை மட்டும் உளிக்குச் செய்யாதீர்கள். அலகு நீலம் பாயும்வரை சூடேறினால் பதம் போய்விடும். அதன்பின் சாணை பிடித்தும் கூர் நிற்காது.

வினவியவர்
நன்றி, ஐயா. கொதிக்கவைக்கக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி – சுன்னாகம்
வேண்டாம். நமது நிலம் சுண்ணாம்புக்கல். கொதிக்கும்போது கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு வெண்திட்டுகளாக இரும்பில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் பக்கத்துக் கிணறுகளில் உவர்ப்பும் இருந்தால், அவ்வுப்பு மறுபடியும் துருவை வரவழைக்கும். சுத்தமாகப் பிடித்த மழைநீரோ, பற்றரிக்கு விடும் வடித்த நீரோ போதும்; பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: கருமை தனியே துருவைத் தடுக்காது. அதன் நுண்துளைகள் எண்ணெயைப் பிடித்துவைப்பதே அதன் பயன். எனவே இறுதிக் கொதிப்பிலிருந்து எடுத்தவுடன், சூடு ஆறுமுன் தையல் மெசின் எண்ணெயைத் தடவி ஓரிரவு விடுங்கள். மாரி காலத்தில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்துவாருங்கள்.