சைகோன் வந்து ரெண்டு நாள் ஆச்சு, ரோட்ட கடக்க முடியல

மன்னை_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு மன்னார்குடி, வேலை தஞ்சாவூர்ல. எட்டு நாள் லீவு போட்டு வியட்நாம் வந்துருக்கேன், தனியா, முதல் தடவையா. திருச்சிலேந்து கோலாலம்பூர் மாறி ஹோ சி மின் சிட்டில (பழைய சைகோன்தான்) இறங்கிட்டேன். வீட்ல சண்ட போட்டு கிளம்பினது, அதனால அம்மாக்கு போன் பண்ணி சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டு ரூம்லயே உக்காந்துருக்கேன்.

பிரச்சன என்னன்னா ரோடு. ஹாஸ்டல் வாசல்ல நின்னா ஆத்துல தண்ணி தொறந்துவிட்ட மாதிரி பைக்கு வந்துகிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது, நேத்து இருவது நிமிஷம் நின்னுட்டு அப்டியே திரும்பி வந்துட்டேன். அப்பறம் சாப்பாடு, நான் சைவம், எத எடுத்தாலும் மீன் சாஸ் வாடை. கொண்டாந்த புளிக்காச்சல் பாதி காலி. இன்னொரு கூத்து, நேத்து ஒரு எளநி 20 ஆயிரம் டோங்குன்னாங்க, நீல நோட்ட குடுத்துட்டு வந்துட்டேன், ரூம்ல வந்து எண்ணிப் பாத்தா அது 5 லட்சம் நோட்டு! நம்ம காசுக்கு எளநி 1,600 ரூவாய்க்கு மேல. அழுகையே வந்துருச்சு. இங்க வந்தவங்க யாராச்சும் இருந்தா முதல்ல எங்க போறதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

ஊர்சுத்தி_திருவாரூர்:
ஹாய் சிஸ்டர், ரூம்ல இருந்தா வேலைக்கு ஆகாது. நாளைக்கு கூ சிங்கற எடத்துல போர்க்கால சுரங்கம், மறுநாள் மீகாங் ஆத்து டூர், அதுக்கு மறுநாள் டா நாங் ஊருக்கு ஃப்ளைட். எல்லாத்தயும் இப்பவே ஆப்ல புக் பண்ணிடுங்க.

காரைக்கால்_ஜன்னல்:
திருவாரூர் தம்பி, அவங்க வாசல தாண்டவே பயப்படறாங்க, நீங்க ஃப்ளைட் புக் பண்ண சொல்றீங்க :)

மன்னார்குடிம்மா, எங்க வீட்ல சைகோன்ங்கறது புது ஊரே இல்ல. பிரெஞ்சுக்காரன் காலத்துல புதுச்சேரி, காரைக்கால்லேந்து நெறய பேரு அங்க அரசாங்க உத்தியோகத்துக்கு கப்பல் ஏறிப் போனவங்க, எங்க தாத்தாவோட அப்பாவும் அதுல ஒருத்தர். நான் போனப்ப முதல் ரெண்டு நாள் ஒரே தெருவத்தான் சுத்தினேன், அது தப்பே இல்ல. காலைல ஒரே காபி கடை, ஒரே ஸ்டூல், மூணாவது நாள் அந்த அம்மாவே நம்மள பாத்து டம்ளர எடுத்து வச்சாங்க. காபி நம்ம ஃபில்டருக்கு தம்பி மாதிரி ஒரு குட்டி தகர ஃபில்டர், டம்ளர் மேலயே வச்சு குடுத்துடுவாங்க, அடில கன்டன்ஸ்டு மில்க் வெள்ளையா கிடக்கும், டிகாஷன் சொட்டு சொட்டா அது மேல இறங்கும், அவசரமே படாது. அப்பறம் கலக்கி ஐஸ்ல ஊத்திக்கணும். கும்பகோணம் டிகிரி காபி குடிச்ச நாக்குக்கு கொஞ்சம் கசப்பு தூக்கலா இருக்கும், அங்க விளையறது பெரும்பாலும் ரொபஸ்டாங்கற காபி ரகம்.

ரோட்டுக்கு ஒரே வழி. நம்மூர்ல மாடு எப்டி கடக்குது? திரும்பியும் பாக்காது, ஓடவும் ஓடாது. அதே மாதிரி ஒரே வேகத்துல நடங்க, பைக்குக்காரன் உங்கள கணக்கு பண்ணி சுத்திப் போயிருவான். நடுவுல நின்னாலோ பின்னாடி வந்தாலோதான் வம்பு. ஆனா காரு பஸ்ஸுக்கு இது செல்லாது, அது வந்தா நின்னுருங்க. செல்போன ரோட்டுப் பக்கம் நீட்டிகிட்டு மேப் பாக்காதீங்க, பைக்ல வந்து பிடுங்கிட்டு போயிருவானுங்க.

முதல்ல 'பென் தான்'ங்கற மார்க்கெட் பக்கத்துல இருக்கற மாரியம்மன் கோயிலுக்கு போங்க, மார்க்கெட்லேந்து பொடிநடைதான். நம்மாளுங்க கட்டினது, ஆனா இப்ப கும்பிட வர்றதுல பெரும்பாலும் வியட்நாம் ஜனங்க, கையில ஊதுபத்தி கட்டோட வந்து கருங்கல் சுவத்துல நெத்திய வச்சு ஏதோ முணுமுணுப்பாங்க. நான் போனப்ப ஒரு பாட்டி ரொம்ப நேரம் அப்டியே நின்னுச்சு. போர் மியூசியத்த மட்டும் முதல் நாள் வச்சுக்காதீங்க, தனியா இருக்கறப்ப அந்த போட்டோவெல்லாம் பாத்துட்டு வந்தா ராத்திரி தூக்கம் வராது.

கூத்தாநல்லூர்_பாய்:
எளநி கதைய படிச்சு சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கம்மா, நானும் அதே நீல நோட்டுல ஏமாந்தவன்தான். 20 ஆயிரமும் 5 லட்சமும் ரெண்டும் நீலம், ரெண்டும் பிளாஸ்டிக், ராத்திரி வெளிச்சத்துல ஒண்ணுதான். 5 லட்சத்த பர்ஸ்ல வைக்கவே வைக்காதீங்க, தனி ஜிப்புல போடுங்க. ஒரு ரூவாய்க்கு சுமாரா 300 டோங், அதனால ரெண்டு சைபர வெட்டிட்டு மூணால வகுத்துக்கங்க.

சைவத்துக்கு 'ச்சாய்'னு (chay) ஒரு வார்த்த, நம்ம டீ இல்ல, சைவம்னு அர்த்தம். கடை போர்டுல அந்த எழுத்து இருந்தா தைரியமா உள்ள போகலாம். அமாவாசை பௌர்ணமின்னா அவங்கள்லயும் நெறய பேரு சைவம்தான், அன்னைக்கு இன்னும் ஈசி. எங்காளுங்க யாராச்சும் இத படிச்சா, டோங் டூ தெருவுல 1935ல தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டின பள்ளிவாசல் இருக்கு, அத சுத்தி ஹலால் சாப்பாடு கிடைக்கும்.

கடைமடை_விவசாயி:
நான் தலைஞாயிறு பக்கம். சிட்டில எனக்கு ஒண்ணும் ஓடல, மீகாங் டெல்டா பாத்தப்பதான் மனசு நின்னுச்சு. வியட்நாம் நெல்லுல பாதிக்கு மேல அங்கதான், மூணு போகம் எடுக்கற இடமும் உண்டு. கோடைல கடல் தண்ணி உள்ள ஏறி வயல் உப்பாவுதுன்னு அந்த ஊர் விவசாயி கையால காட்டி சொன்னாரு, பாஷையே தேவப்படல, எங்க ஊர்லயும் அதே கதைதான. டூர்ல போனா தேங்கா மிட்டாய் கடைக்கு கூட்டிட்டு போய் விட்டுருவாங்க. சைகோன்ல மியென் தாய் பஸ் ஸ்டாண்டு போயி, டெல்டால இருக்கற கான் தோ ஊருக்கு பஸ் ஏறுங்க, மூணு நாலு மணி நேரம். ராத்திரி தங்கிட்டு விடியக்காலைல கை ராங் மிதக்கும் சந்தை. எந்தப் படகுல என்ன சரக்குன்னு தெரிய ஒரு மூங்கில் கழில அந்தக் காய கட்டித் தொங்கவிட்டுருப்பாங்க.

மன்னை_பொண்ணு:
அக்கா, பாய், அண்ணா எல்லாருக்கும் தேங்க்ஸ். காலைல ஒரு பாட்டி காய்கறி கூடையோட ரோட்ட கடக்குது, அது பின்னாடியே ஒட்டிகிட்டு போயிட்டேன், அந்தப் பக்கம் போனதும் பாட்டி திரும்பிப் பாத்து சிரிச்சுச்சு. கோயிலுக்குப் போனேன், சுவத்துல நெத்திய வச்சுப் பாத்தேன், நல்ல ஜில்லுனு இருந்துச்சு. திரும்பி வர்றப்ப பாட்டி இல்ல, ஆனா மாடு மாதிரி வந்துட்டேன்.

அண்ணா, கான் தோ பஸ்ஸுக்கு முன்னாடியே டிக்கெட் எடுக்கணுமா, இல்ல நேரா போயி ஏறிக்கலாமா?

கடைமடை_விவசாயி:
நான் நேரா போயிதான் ஏறினேன். ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கிக்கம்மா, வழியெல்லாம் வயலுதான்.