டீப் பர்ப்பிள் பேக்ஸ்டேஜ் பாஸ் கிடைத்திருக்கிறது, அப்பாவோடு போகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ரைன்கரை:
ஜெர்மனியில் இருக்கிறேன். கூட வேலை செய்பவரின் மச்சான் கச்சேரி ஏற்பாடு செய்யும் கம்பெனியில் இருக்கிறார், அவர் புண்ணியத்தில் இங்கிலாந்து ராக் பேண்டான டீப் பர்ப்பிள் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட், அதோடு ஷோ தொடங்கும் முன் உள்ளே போய் அவர்களைப் பார்த்துவிட்டு வர இரண்டு பாஸ். எனக்கு அவர்கள் பாட்டு நாலைந்து தெரியும், அவ்வளவுதான். பைத்தியம் அப்பாவுக்குத்தான். காலேஜ் ஹாஸ்டலில் யாரோ ஒரு சீனியர் வைத்திருந்த கேசட்டில் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. இப்போது எங்களோடுதான் இருக்கிறார், மூட்டு வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது, ஆனால் விஷயத்தைச் சொன்னதிலிருந்து ராத்திரி தூக்கமே இல்லை.

உள்ளே எவ்வளவு நேரம் விடுவார்கள்? அவர்களுடைய பழைய ஆல்பங்கள் 'இன் ராக்', 'மெஷின் ஹெட்' இரண்டு எல்பியையும் (இசைத்தட்டு) கையெழுத்துக்கு எடுத்து வருகிறேன் என்கிறார், அனுமதிப்பார்களா? அம்மா வேறு அதிரசம் சுட்டுத் தருகிறேன் என்கிறார். அவர்களின் புகழ்பெற்ற பாட்டு 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பற்றிக் கேட்க அப்பா ஒரு நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டிருக்கிறார், அதை எப்படித் தடுப்பது என்பது தனிக் கேள்வி.

பெட்டிதூக்கி:
இந்த ஊர் ஹால்களில் மேடை ஏற்றி இறக்கும் வேலை கொஞ்ச காலம் பார்த்தவன், அதனால் சொல்கிறேன். சினிமாவில் காட்டுகிற மாதிரி சோபா, பாட்டில், கூட்டம் எதுவும் இருக்காது. நீளமான காங்கிரீட் நடைபாதை, சுவரோரம் சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டிகள், எந்தப் பக்கம் சாப்பாடு எந்தப் பக்கம் மேடை என்று அம்புக்குறி போட்டு டேப்பில் ஒட்டிய காகிதம். பெரும்பாலும் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் விடமாட்டார்கள், தனியாக ஒரு அறையில் கறுப்புத் துணி கட்டி, அங்கே நிற்க வைத்துவிட்டு அவர்களைக் கூட்டி வருவார்கள். பத்து நிமிஷம் கிடைத்தால் நல்ல நாள். அதற்குள் அந்தப் பக்கம் மேடையில் டிரம் சரிபார்ப்பவர் ஒரே டிரம்மை டப் டப் டப் என்று அடித்துக்கொண்டே இருப்பார், அப்பாவுக்குக் காதில் மிஷின் இருந்தால் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பாஸ் இரண்டு வகை. கழுத்தில் தொங்குவது டூரோடு சுற்றுகிறவர்களுக்கு. உங்களுக்குத் தருவது அநேகமாகத் துணி ஸ்டிக்கர், அன்றைய தேதியை மார்க்கரில் எழுதியிருப்பார்கள். அதைத் தோல் ஜாக்கெட்டிலோ பட்டுச் சட்டையிலோ ஒட்டினால் பசை போகவே போகாது. பேன்ட்டில் தொடைப் பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் எல்லாம் அப்படித்தான்.

அதிரசம் தாராளமாகக் கொண்டு போகலாம், ஆனால் பேண்டுக்கு இல்லை. மேடை ஏறும் முன் எண்ணெய்க் கையோடு எவரும் கிட்டாரையோ கீபோர்டையோ தொடமாட்டார். காலையிலிருந்து பெட்டி தள்ளுகிற பசங்களிடம் கொடுங்கள், அஞ்சு நிமிஷத்தில் டப்பா காலி.

எல்பிபிரியன்:
கையெழுத்து விஷயத்தில் 'இன் ராக்' போதும், 'மெஷின் ஹெட்' வீட்டிலேயே இருக்கட்டும். காரணம் உண்டு. 'மெஷின் ஹெட்' அட்டை, பளபளக்கும் உலோகத் தகட்டில் அவர்கள் பிம்பத்தைப் படம் பிடித்தது, கலங்கலாக இருக்கும், என்ன பேனாவில் போட்டாலும் எழுத்து அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 1970இல் வந்த 'இன் ராக்' அட்டையில், அமெரிக்க ஜனாதிபதிகள் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலையில் அவர்களுக்குப் பதில் இவர்கள் ஐந்து பேர் முகம், பின்னால் நீல வானம். இடம் தாராளம், கறுப்பு மார்க்கர் பளிச்சென்று விழும். இசைத்தட்டை வெளியே எடுத்துவிட்டு வெறும் அட்டையை மட்டும் கொண்டு போங்கள், தட்டு உள்ளே இருக்கும்போது அழுத்திப் போட்டால் அதற்கும் ஆபத்து. மார்க்கர் உங்களுடையதாகவே இருக்கட்டும், புதுசு வேண்டாம், வீட்டில் இரண்டு கோடு கிறுக்கி மை வருகிறதா என்று பார்த்து எடுத்துப் போங்கள். போட்ட பிறகு காயாமல் கவரில் திணிக்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த ஐந்து முகத்தில் இப்போது பேண்டில் இருப்பது பாடகர் கில்லன், பேஸ் கிட்டார் குளோவர், டிரம்ஸ் பெய்ஸ் மூன்று பேர். கிட்டார் வாசித்த பிளாக்மோர் 1993இல் போய்விட்டார், கீபோர்டு வாசித்த ஜான் லார்ட் 2012இல் காலமாகிவிட்டார். நீங்கள் மூன்று பேரிடம் மட்டும் நீட்டிவிட்டு இப்போது கீபோர்டு வாசிக்கும் டான் ஏரியையும் கிட்டார் வாசிக்கும் சைமன் மெக்பிரைடையும் சும்மா நிற்க வைத்தால் பார்க்கவே நன்றாயிராது. மெக்பிரைட் பிறந்ததே 1979இல், மலையில் அவர் முகத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? 2024இல் வந்த '=1' ஆல்பத்தை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஐந்து பேரும் இருக்கிறார்கள். அப்பாவிடம் பிளாக்மோர் தொடங்கிய ரெயின்போ பேண்டின் 'டவுன் டு எர்த்' ஆல்பம் இருந்தால் இன்னும் அழகு, 1979இல் அதில் குளோவர் பேஸ் கிட்டார், டான் ஏரி கீபோர்டு. அதை நீட்டினால் ஏரியின் முகம் மலரும் என்று நினைக்கிறேன், எல்லோரும் அவரிடம் லார்டைப் பற்றித்தானே பேசுவார்கள்.

நாலாம்வரிசை:
நான் மாற்றுக் கருத்து. போகாதீர்கள் என்று சொல்லவில்லை, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். கில்லனும் குளோவரும் 1945இல் பிறந்தவர்கள், பெய்ஸும் ஏரியும் 1948. இந்த வயதில் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாட வேண்டிய மனுஷனிடம் போய், தொண்டையை அடக்கி வைத்திருக்கிற நேரத்தில், நாம் கதை கேட்பது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. சிரித்துக் கை கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், அது அவர்கள் தொழில் மரியாதை, நட்பு இல்லை. இப்போது பல பேண்டுகள் இதையே காசுக்கு விற்கிறார்கள், க்யூவில் நகர்ந்துகொண்டே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஒரு விஷயம் மட்டும் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், 'இன் ராக்'கில் வரும் 'சைல்ட் இன் டைம்' பாட்டைப் பாடுவீர்களா என்று கேட்கக் கூடாது. அந்த உச்சஸ்தாயி கில்லன் இருபது சொச்சம் வயதில் பாடியது. பல வருஷமாகவே மேடையில் அதைத் தொடுவதில்லை. கேட்டால் கோபப்படமாட்டார், ஆனால் அவர் என்ன பதில் சொல்வார், பாவம்.

ரைன்கரை:
நாலாம்வரிசை அண்ணா, நோட்டில் இரண்டாவது கேள்வியே அதுதான், அடித்துவிட்டேன். முதல் கேள்வி சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ தீ விபத்து. அதுவும் வேண்டாமா?

இடதுகைதாளம்:
அதுவும் வேண்டாம். 1971 டிசம்பர் 4, அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா கச்சேரி, கூட்டத்தில் எவனோ ஃப்ளேர் (தீப்பொறி வெடி) விட்டான், கச்சேரி நடந்த கேசினோ எரிந்தது, ஜெனீவா ஏரித் தண்ணீர் மேல் புகை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டே அந்தக் கதைதான், அதைத் திரும்ப அவர்கள் வாயால் சொல்ல வைத்து என்ன லாபம். அம்பது வருஷமாகப் பேட்டி எடுக்கிற ஒவ்வொருவரும் கேட்டது.

நான் டிரம்ஸ் வாசிப்பவன் என்பதால் பெய்ஸ் கட்சி. 1968இலிருந்து இன்று வரை எல்லா அணியிலும் இருப்பவர் அவர் ஒருவர்தான். இடதுகைக்காரர், செட்டே நமக்குத் தலைகீழாக இருக்கும், மேடைக்குப் பக்கத்தில் நிற்க விட்டால் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள், ஹை-ஹாட் (காலால் மிதித்து இயக்கும் ஜோடித் தாளத்தட்டு) நாம் எதிர்பார்க்கிற பக்கத்தில் இருக்காது. யூடியூபில் ரசிகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்கிற ஆள், வாசிப்பைப் பற்றிக் கேட்டால் பேசுவார். கை குலுக்கும்போது மட்டும் மெதுவாக, அன்பு மிகுதியில் அழுத்திவிட வேண்டாம், அவர் அன்றைக்கு முழுக் கச்சேரியும் அந்தக் கையால்தான் வாசிக்க வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேள்வியே வேண்டாம், ஹாஸ்டலில் எந்தக் கேசட்டில் முதலில் கேட்டார் என்று அப்பா இரண்டு வரி சொல்லட்டும். அது அவர்கள் இதுவரை கேட்காத கதை.

பெட்டிதூக்கி:
மூட்டு வலி என்று எழுதியிருந்தீர்களே, அதை விட்டுவிட்டேன். ஹாலின் பின்வாசலிலிருந்து அந்த அறை வரை நல்ல நடை, நடுவில் சரிவுப் பாதையும் இருக்கும். மச்சானிடம் இப்போதே சொல்லி வைத்தால் சக்கர நாற்காலியோ, அறையில் உட்கார ஒரு நாற்காலியோ போடுவார்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள், நேரம் தள்ளிப்போகலாம், ஆனால் நீங்கள் லேட்டானால் காத்திருக்கமாட்டார்கள்.

அப்புறம் கெஸ்ட் லிஸ்டில் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டுவிடுவார்கள், வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்கு அது வேறு ஆள்.