அனியூரிசம் சிமுலேஷனில் எல்லை நிபந்தனைகள்: பெங்களூர் அனுபவங்கள்

முதல் பகிர்வு

பெங்களூரில் கணினிவழி இரத்த ஓட்டக் கணிப்பில் ஈடுபட்டிருக்கும் நம்மவர்கள் பலர், அனியூரிசத்தின் (தமனிச் சுவர் பலவீனப்பட்டுப் பலூன்போல் உப்பிய இடம்) வடிவத்தைப் படத்திலிருந்து பிரித்தெடுக்கவும் மெஷ்ஷைச் (கணிப்புக்காக வடிவத்தைச் சிறு கூறுகளாக்கும் வலை) செம்மைப்படுத்தவும் வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, இறுதியில் எல்லை நிபந்தனையாக, அதாவது வடிவத்தின் வெட்டுமுனைகளில் நாம் விதிக்கும் மதிப்பாக, எல்லா வெளிவாயில்களிலும் (இரத்தம் வெளியேறும் முனைகள்) அழுத்தம் பூச்சியம் என்று எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் கிளைகளுக்கிடையே இரத்தம் பங்கிடப்படுவதை ஆள்வது அப்பால் உள்ள நுண்தமனிகளின் தடை. அது கணிப்பில் இல்லாதபோது, வடிவத்தை எந்த இடத்தில் வெட்டினோம் என்பதே நோயாளியின் இரத்தப் பங்கீட்டைத் தீர்மானித்துவிடுகிறது.

இரு பக்கத்து முன்மூளைத் தமனிகளையும் இணைக்கும் முன் இணைப்புத் தமனியில் அனியூரிசம் இருந்த ஒருவரின் முப்பரிமாண ஆஞ்சியோகிராம் (இரத்தக்குழாய்ப் படம்) எங்களிடம் வந்தபோது, அதில் ஒரு பக்கத்து முன்மூளைத் தமனி மட்டுமே தெரிந்தது. மறுபக்கத்துத் தமனி பிறவியிலேயே இல்லையோ என்று கேட்டதற்கு, திருநெல்வேலியைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் விளக்கினார்: “சார், வலப்பக்கக் கழுத்துத் தமனியான கரோட்டிடில் மட்டும்தான் படத்தில் தெரிவதற்கான மருந்து செலுத்தினோம். இடப்பக்க இரத்தத்தில் மருந்து கலக்காததால் அந்தத் தமனி படத்தில் விழவில்லை, உடம்பில் இருக்கிறது.” இரு பக்கத்து ஓட்டங்களும் சந்திக்கும் இடத்தில் அமைந்த அனியூரிசத்துக்கு ஒரே உள்வாயில் (இரத்தம் நுழையும் முனை) போதாது. எம்ஆர்ஐ மூலம் இருபுற ஓட்டத்தையும் அளந்து சேர்த்தபோது, உள்ளே பாயும் தாரை முற்றிலும் வேறொரு சுவரில் மோதியது.

உள்வாயிலில் வேகப் பரவலுக்குப் பரவளைய வடிவமா, துடிப்போடு மாறும் வுமர்ஸ்லி வடிவமா என்ற விவாதத்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை என்பது என் கருத்து. கரோட்டிட் சைஃபனின் (மண்டையோட்டின் அடியில் அத்தமனி வளைந்து செல்லும் பகுதி) வளைவுகளையும் சேர்த்து எடுத்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் வழியிலேயே மங்கிவிடும். ஓட்டத்தின் அளவுதான் முக்கியம். சறுக்குத் தகைவு (ஓடும் இரத்தம் சுவரின் ஓரலகுப் பரப்பை உரசி இழுக்கும் விசை) தமனி ஆரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அதே ஓட்டத்துக்கு ஆரம் 10 சதவீதம் குறைவாகப் பிரித்தெடுக்கப்பட்டாலே தமனிச் சுவரில் தகைவு ஏறத்தாழ 37 சதவீதம் கூடிவிடும்.

மறுமொழி

வெளிவாயில்களைப் பற்றி எங்கள் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஓட்டம் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதம் என்று 1926-இல் உடலியலாளர் முர்ரே வகுத்த விதியைக் கொண்டு கிளைகளுக்குப் பங்கிடுவது, பூச்சிய அழுத்தத்தைவிடப் பெரிதும் மேலானது. ஆனால் அனியூரிசம் வெடித்தவர்களிடம் அதை அப்படியே நம்புவதற்கில்லை. இரத்தக் கசிவுக்குப் பின் 4 முதல் 14 நாள்களுக்குள் தமனிகள் இறுகிச் சுருங்குவது அடிக்கடி நிகழ்கிறது. அந்த நாள்களில் எடுத்த படத்தின் விட்டத்தை மும்மடியாக்கினால், சுருங்கிய கிளைக்கு மிகக் குறைந்த இரத்தமே ஒதுக்கப்படும். அக்கிளை ஊட்டும் மூளைப்பகுதியின் தேவையோ அதே விகிதத்தில் குறைவதில்லை. எனவே சுருக்கம் தொடங்குமுன் எடுத்த படம் உண்டா என்று முதலில் கேட்கிறோம். கிடைக்காதபோது, பங்கீட்டைச் சில விதங்களில் மாற்றிக் கணித்து, சறுக்குத் தகைவு எந்த அளவுக்கு மாறுகிறது என்பதையும் முடிவுகளோடு சேர்த்தே மருத்துவரிடம் கொடுக்கிறோம்.