என்டர்பிரைஸ் படகுக்கு ட்ரெய்லர்: பழசு வாங்குறதா, திருகோணமலையில அடிக்கிறதா?

உள்துறைமுகம்:
ஒரு பழைய என்டர்பிரைஸ் பாய்ப் படகு கைக்கு வந்திருக்கு. பைபர் உடம்பு, 4.04 மீட்டர் நீளம், உடம்பு மட்டும் 94 கிலோ. கச்சான் காத்துக் காலத்தில உப்புவெளிக் கடற்கரையில ஓடுவன். வாடைக் காத்து தொடங்கினா உள்துறைமுகப் பக்கம் மாத்தோணும். வருசத்தில ரெண்டு தரம் பொல்கொட வாவிக்கும் கொண்டு போக ஆசை. ட்ரெய்லருக்கு 150,000 ரூபாவுக்கு மேல என்னால ஏலாது. கொழும்பில வெளிநாட்டுப் பழசு ஒண்டு 140,000 சொல்றாங்க. கல்வனைஸ், பார்வைக்கு நல்லா இருக்கு. இங்க வெல்டிங் கடையில சொன்னா அதை விடக் குறைவா முடியும். எது நம்பி எடுக்கலாம்?

கொட்டியாரக்காரன்:
தம்பி, யோசிக்காம அந்தக் கொழும்பு ட்ரெய்லரை எடுங்க. வெல்டிங் எல்லாம் முடிஞ்ச பிறகு முழுச் சட்டத்தையும் 450 பாகை சூட்டில உருகின துத்தநாகத்துக்குள்ள முக்கி எடுத்தது அது. குழாயின்ட உள்பக்கமும் நனைஞ்சிருக்கும். இங்க என்ன செய்வாங்க? ஜீ.ஐ. பைப்பை வெட்டி ஒட்டுவாங்க. வெல்டிங் வைச்ச இடத்தில துத்தநாகம் எரிஞ்சு போயிடும். மேல வெள்ளிப் பெயின்ட் அடிச்சுத் தருவாங்க. துரு உள்ளுக்கு இருந்து தின்னும், வெளிய ஒண்டும் தெரியாது. எனக்கு முதல் அடிச்ச ட்ரெய்லர் மூண்டாவது வாடைக்குத் தாங்கேல்ல. சுத்தியலால தட்டிப் பார்த்தன், கணீரெண்ட சத்தம் இல்ல, பொத்துப் பொத்தெண்டு கேட்டுது. ரெண்டாவது தட்டில ஓட்டை.

பாலத்தடி:
கிண்ணியாவில இருந்து எழுதுறன். நானும் கடலோட கிடக்கிற ஆள். சட்டம் உடைஞ்சு ரோட்டில நிண்ட ட்ரெய்லர் நான் ஒண்டும் காணல்ல. நிண்டதெல்லாம் பேரிங்காலதான்.

ரோட்டில ஓடி வந்த ஹப், அதான் பேரிங் இருக்கிற சில்லின்ட நடுக்குடம், சூடா இருக்கும். அப்படியே கடலுக்குள்ள இறக்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும், சீல் ஓரத்தால உப்புத் தண்ணிய உறிஞ்சும். ரெண்டு கிழமை நிப்பாட்டி வைச்சா கதை முடிஞ்சுது. எனக்கு கந்தளாய் தாண்டினதும் இடது பக்கச் சில்லு ஆடத் தொடங்கிச்சு. இறங்கி ஹப்பில கை வைச்சன், தோல் ஒட்டிக்கொண்டு வந்துது. மூடியைத் தட்டிக் கழட்டினா பிளேன்டி நிறத்தில தண்ணி, பேரிங் உருளைகள் நீலம் பாஞ்சு போய்க் கிடந்துது. அதுவும் வெளிநாட்டு ட்ரெய்லர்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அந்தப் பேரிங் எங்க கிடைக்கும்?

அதனாலதான் சொல்றன், த்ரீவீல் ஹப் போட்டு இங்கயே அடியுங்க. 4.00-8 டயர் எந்தச் சந்தியிலயும் இருக்கு. ஒட்டுப் போடுறவருக்கும் அது பழகின சில்லு.

கொட்டியாரக்காரன்:
நானா, பேரிங்கின்ட ஓரத்தில நம்பர் வெட்டியிருக்கும். அந்த நம்பரைச் சொன்னா நல்ல பேரிங் கடையில அதே அளவில எடுக்கலாம், ட்ரெய்லர் எந்த நாட்டில செஞ்சதெண்டாலும் சரி. ரெண்டு சோடி வாங்கி, கிரீஸ் பூசிக் காருக்குள்ள வைச்சா கந்தளாயில நிக்கத் தேவையில்ல.

8 அங்குலச் சில்லு உப்புவெளிக்குச் சரி. கொழும்புக்கு 260 கிலோமீட்டர் கிட்ட வரும். கார்ச் சில்லை விடச் சின்னச் சில்லு கூடத் தரம் சுத்தோணும், அவ்வளவு சூடும் ஏறும். அந்த வெயிலில எத்தனை இடத்தில நிப்பாட்டி ஆற விடுவீங்க?

பாலத்தடி:
60க்கு மேல ஓட்டாட்டி ஒண்டும் ஆகாது. நான் ஓட்டினது. ஒண்டு மட்டும் சொல்றன், லாண்ட்மாஸ்டர் எண்ட கை உழவு இயந்திரத்தின்ட பெட்டி ஆக்சிலை எடுத்துப் போடச் சொன்னா கேக்காதீங்க. வில்லுத்தகடு இல்லாத ஆக்சில் அது. 94 கிலோ படகு ஒவ்வொரு குழிக்கும் எகிறி விழும், பைபர் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும்.

சல்லிக்கரை:
ரெண்டு அண்ணன்மாரும் கோவிக்காதீங்க. வருசத்தில ரெண்டு தரம் பொல்கொட, ரெண்டு தரம் உப்புவெளிக்கும் துறைமுகத்துக்கும் மாத்துறது. இதுக்கு ரோட்டு ட்ரெய்லரே எதுக்கு? தள்ளு வண்டி ஒண்டு அடியுங்க. பெரிய காத்துச் சில்லு, பேரிங்குக்குப் பதிலா நைலோன் புஷ். அது கடலுக்குள்ள முழுசா இறங்கலாம், கெட்டுப்போக உள்ள ஒண்டும் இல்ல. தூரப் பயணத்துக்கு வாடகை வாகனம் பிடியுங்க. ட்ரெய்லர் எண்டா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிவு, நம்பர், பின் லைட் எல்லாம் வேணும். வெல்டிங் கடை அதுகளைச் சேர்த்துத் தராது. எங்கட அப்பா 14 அடி லொறியிலதான் எங்கட படகைக் கொண்டு போனவர், ஒரு கீறல் இல்ல.

உள்துறைமுகம்:
அக்கா, பட்டா எண்ட சின்ன லொறியில கேட்டுப் பார்த்தன். பெட்டி ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, படகு பாதி வெளிய நிக்கும். 14 அடி லொறியில படகு அடங்கும், ஆனா போய் வரவும் அங்க நிக்கவும் கேக்கிற காசு ரெண்டு வருசத்தில ட்ரெய்லர் விலைக்கு வந்திடும். பதிவுக் கதை நான் யோசிக்காத விசயம். கொழும்பு ஆளிட்ட முதல்ல பதிவுப் புத்தகம் இருக்கா எண்டு கேக்கிறன்.

சல்லிக்கரை:
கேளுங்க. புத்தகம் இல்லாட்டி அந்தப் பக்கமே போகாதீங்க. எது எடுத்தாலும் தள்ளு வண்டியை விடாதீங்க. அது ட்ரெய்லருக்கு மேல ஏறிப் பயணம் செய்யட்டும். கரையில இறக்கினா ட்ரெய்லரின்ட சில்லு உப்பைக் காணத் தேவையில்ல.

பாலத்தடி:
இதில தங்கச்சியோட எனக்கு வாதம் இல்ல. இது அண்டைக்கே தெரிஞ்சிருந்தா எனக்குக் கந்தளாய் நடந்திராது.

உள்துறைமுகம்:
சனிக்கிழமை போய்ப் பார்த்தன். புத்தகம் இருக்கு. ஜாக்கி வைச்சுச் சில்லைச் சுத்தினன். வலது பக்கம் சத்தமில்லாம நிண்டுது, இடது பக்கம் மணல் அரைக்கிற மாதிரி. நானா சொன்னபடி மூடியைத் தட்டிக் கழட்டினன், அதே பிளேன்டி நிறம். உரிமையாளர் ஒண்டும் பேசல்ல. 140,000 சொன்னதை 115,000க்கு விட்டார். நம்பர் வாசிக்க முடிஞ்சுது, அதே பேரிங் நாலு வாங்கிட்டன். மிச்சக் காசில தள்ளு வண்டி இங்க அடிக்கக் குடுத்தாச்சு.

ஒரு சந்தேகம். ட்ரெய்லரைக் காரில கொளுவுற கப்ளிங்கில 50 எண்டு வெட்டியிருக்கு. அது வந்து இருக்கிற, என்ட காரின்ட பின்பக்க உருண்டை 2 அங்குலம். கொளுவிப் பார்த்தா இறுகின மாதிரித்தான் இருக்கு.

கொட்டியாரக்காரன்:
அப்படியே இழுத்துக்கொண்டு வந்திடாதீங்க தம்பி. 2 அங்குலம் எண்டா 50.8 மில்லிமீட்டர். 50 கப்ளிங் அதில முழுசா இருக்காது, பூட்டும் சரியா விழாது. குழியில எகிறினா கழண்டிடும். 50 மில்லிமீட்டர் உருண்டை வாங்கி மாத்திப் போட்டுட்டு வாங்க. குளியலறைத் தராசை ட்ரெய்லரின்ட முன் நுனிக்குக் கீழ வைச்சு நிறையும் பாருங்க. படகும் ட்ரெய்லரும் 250 கிலோ எண்டா, நுனியில 15 முதல் 20 கிலோ இருக்கோணும். அதை விடக் குறைஞ்சா வேகத்தில வால் ஆட்டும்.

உள்துறைமுகம்:
சரி அண்ணன். உருண்டை மாத்தின பிறகுதான் இழுப்பன்.