இருட்டறையில் நாற்பது நிமிடங்கள்

பயணத்தின் நடுவே மூன்று மணி நேரம் மிஞ்சியதால்தான் அந்தச் சிறிய வௌவால் கூடத்துக்குள் நுழைந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், இடையில் கனத்த கறுப்புத் திரை, அதைத் தாண்டினால் ஒரு வகுப்பறை அளவுகூட இல்லாத அறை. அதன் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி; கண்ணாடிக்கு மேலே மெல்லிய கம்பி வலை. பார்வையாளர் வரும் பகல் நேரத்தில் மங்கிய சிவப்பு விளக்கும், கூடத்தை மூடிய பிறகு வெள்ளை விளக்குமாக, உள்ளே வாழும் எகிப்தியப் பழந்தின்னி வௌவால்களுக்கு இரவையும் பகலையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

முதலில் எதுவும் தெரியவில்லை. கனிந்து புளித்த பழத்தின் வாடை மட்டும் வலை வழியே வந்துகொண்டிருந்தது. நான் நின்றிருந்தபோதே இரண்டு குழுவினர் வந்து, "ஒன்றுமே இல்லையே" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் வெளியேறினார்கள். வெயிலிலிருந்து வந்த கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும் என்பதை அவர்களிடம் யாராவது வாசலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் போயிருப்பேன், சுவரோரம் ஒரு மரப்பலகை இருந்ததால் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து, பாறை என்று நான் நினைத்திருந்த கரிய திட்டு அசைந்து, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிறகு விரித்துப் பறந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. எனக்கு மிக அருகில், கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஒரு தாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மார்போடு ஒட்டிக் கிடந்த குட்டியின் முகம் மட்டும் சிறகின் மடிப்புக்கு வெளியே தெரிந்தது. தாய் ஒரு சிறகை மெதுவாக விரித்து, நாவால் அதை ஓரத்திலிருந்து உள்நோக்கி நக்கிச் சுத்தம் செய்தது. அப்போது விளக்கு அதன் பின்னால் இருந்ததால், சவ்வினூடே நான்கு நீண்ட விரல் எலும்புகளும் அவற்றுக்கிடையே கிளை பிரிந்த இரத்தக் குழாய்களும் இலை நரம்பு போலத் தெளிவாகத் தெரிந்தன. வௌவாலின் சிறகு ஒரு கை என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்தக் கையைக் கையாகவே கண்டது அன்றுதான்.

சற்று நேரத்தில் இன்னொன்று திடீரென்று தலைமேலாகத் திரும்பி, கட்டைவிரல் நகங்களால் கம்பியைப் பற்றிக்கொண்டது. கால் நழுவிவிட்டது என்று பதறினேன். தன் உடல் நனையாமல் கழிவை வெளியேற்றவே அப்படித் திரும்பியிருக்கிறது; முடிந்ததும் மறுபடி தலைகீழானது. 'வௌவால் வீட்டுக்கு விருந்து வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்குகிறேன்' என்று நாம் சொல்லும்போது தொங்குவதைச் சங்கடமாகவே நினைக்கிறோம். உண்மையில் உடலின் எடையே கால் தசைநாண்களை இழுத்து விரல்களைப் பூட்டிவிடுவதால் அதற்குத் தொங்குவதில் உழைப்பே இல்லை. தூக்கத்திலும் அந்தப் பிடி விலகுவதில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்தில், கைவிளக்கோடு ஒரு குகைக்குள் போய் நூற்றுக்கணக்கான வௌவால்களைக் கலைத்துவிட்டேன். அன்று நான் கண்டது சிதறி ஓடிய நிழல்களை மட்டுமே. உறைவிடத்தில் கலைக்கப்படும் தாய்மாரிடமிருந்து குட்டிகள் கீழே விழக்கூடும் என்பதும், பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும் என்பதும் பின்னர் தெரிந்தபோது, அந்த நாளை நினைத்து மிகவும் வருந்தினேன். 2006 முதல் வட அமெரிக்கக் குகைகளில் இலட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சைவித்துகள் மனிதர்களின் காலணியிலும் உடையிலும்கூட ஒட்டிச் செல்லக்கூடியவை. எனவே வௌவாலை அருகில் காண விரும்பும் பயணிக்கு, குகையைவிட இத்தகைய சிறு கூடமே தக்க இடம் என்பது என் உறுதியான கருத்து.

கூடம் அமைதியானபோது வலைக்கு மேலிருந்து 'டிக்-டிக்' என்று இரட்டை இரட்டையாக ஓர் ஒலி கேட்டது. பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை கண்ணையும் மூக்கையும் மட்டுமே நம்பிப் பறப்பவை. குகைகளில் வாழும் இந்த இனமோ நாவைச் சொடுக்கி, அதன் எதிரொலியைக் கொண்டும் வழி அறிகிறது. பூச்சி தின்னும் வௌவால்களின் ஒலி பெரும்பாலும் நம் செவிக்கு எட்டாது. அதனால்தான், காதை அடைத்த வௌவால் மோதி விழுகிறது என்பதை 1790களில் இத்தாலிய அறிவியலாளர் ஸ்பல்லன்சானியும் சுவிஸ் மருத்துவர் ஜுரினும் கண்டறிந்த பிறகும், அதன் காரணம் ஒன்றரை நூற்றாண்டு காலம் விளங்காமல் இருந்தது. அமெரிக்க விலங்கியலாளர் டொனால்ட் கிரிஃபின், செவிக்கு எட்டாத மீயொலியைப் பிடிக்கும் கருவியின் துணையோடு அதை விளக்கியது 1940 வாக்கில்தான்.

நான் புறப்பட எழுந்தபோது ஒரு குடும்பம் உள்ளே வந்தது. தந்தை கைபேசி விளக்கை எரியவிட்டுக் கண்ணாடியில் பாய்ச்சினார். அந்தத் தாய் வௌவால் சட்டென்று சிறகால் குட்டியை மூடிக்கொண்டது. "ஐயா, விளக்கை அணைத்துவிடுங்களேன், அவற்றுக்குக் கண் கூசும்" என்றேன். "வௌவாலுக்குத்தான் கண் தெரியாதே?" என்று அவர் உண்மையாகவே வியந்து கேட்டார். நன்றாகத் தெரியும் என்றும், இருளில் இவற்றின் பார்வை நம்முடையதைவிடக் கூர்மையானது என்றும் சொல்லி, பலகையில் இடம் விட்டு உட்காரச் சொன்னேன். அவர் உடனே அணைத்தார். ஏழெட்டு வயதிருக்கும் அவருடைய மகள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் மறுபடி உட்கார்ந்தேன். வெகுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து, மிகவும் தாழ்ந்த குரலில், "அது என்னைப் பார்க்குது" என்றாள். சிறகு சற்றே விலகியிருந்தது.