துருப்பிடித்த காரை வேறு பாடிக்கு மாற்றுதல்: செய்தவர்களின் பகிர்வுகள்

என்ஜின், கியர்பாக்ஸ், சீட் எல்லாம் நன்றாக இருந்து பாடி மட்டும் உளுத்துப்போன கார்களுக்கான வேலை இது. கதவிலோ மட்கார்டிலோ துரு என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம், அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிச் சட்டம், முன் கதவுக் கீல் பிடிக்கும் தூணின் அடி, ஜாக்கி வைக்கும் இடம், முன் ஷாக் அப்சார்பர் உட்காரும் மேல்தட்டு, பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடம். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள்; ஒட்டாமல் வழுக்கினால் அடியில் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். இவற்றில் மூன்று நான்கு இடங்கள் போயிருந்தால் ஒட்டுப்போடுவதைவிட வேறு பாடி எடுப்பதே நல்லது. பெரிய ஒட்டு ஒவ்வொன்றும் வெல்டிங் சூட்டில் பாடியைக் கொஞ்சம் இழுக்கும், கடைசியில் கதவு சரியாக மூடாது.

வாங்கப்போகும் பாடியை அளவு டேப் கொண்டு அளக்காமல் எடுக்காதீர்கள். என்ஜின் அறையிலும் கதவுச் சட்டங்களிலும் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் அந்தப் பாடி எங்கோ இடிபட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

* * *

அளவோடு ஓட்டைகளையும் எண்ண வேண்டும். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் இருக்கும்: கியர் லீவர் வரும் ஓட்டை, பிரேக் பூஸ்டர் மாட்டும் இடம், ஏசி குழாய் நுழையும் துளை, என்ஜின் மவுண்ட் பிராக்கெட். இவை பொருந்தாவிட்டால் வெட்டவும் ஒட்டவும் வேண்டிவரும், பாடி மாற்றுவதன் பயனே போய்விடும்.

இன்னொன்று, சேஸி எண். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேஸி (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, எண் பாடித் தகட்டிலேயே குத்தப்பட்டிருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்றவை விதிவிலக்கு. அதில் எண் பின்சீட்டுக்கு அடியில் தரைச் சட்டத்தில் இருப்பதால் மேல்பாடியை மாற்றினாலும் எண் அப்படியே இருக்கும். மற்றக் கார்களில் பாடி மாறினால் எண்ணும் மாறுகிறது. பழைய எண்ணை வெட்டி எடுத்துப் புதுப் பாடியில் ஒட்டுவது பல நாடுகளில் குற்றம். எந்த எண்ணில் பதிவு தொடரும் என்பதைப் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

* * *

கழற்றுவது பற்றி. பேட்டரியின் நெகட்டிவை முதலில் எடுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால் அதன் பிறகு பத்து நிமிடமாவது காத்திருங்கள், சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் ஸ்டீயரிங்கைப் பூட்டிவைத்துக் கழற்றுங்கள். இல்லையென்றால் ஸ்டீயரிங்குக்கு அடியிலுள்ள சுருள் ஒயர் சுழன்று அறுந்துவிடும். ஏசி வாயுவை அதற்கான மெஷின் உள்ளவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், காற்றில் திறந்துவிடாதீர்கள்.

துருவேறிய போல்ட்டுகளுக்குச் சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவர வேண்டும். சில் போன்ற மூடிய பெட்டிக்குள் வெல்டிங் செய்த நட்டுகள்தான் தொல்லை: போல்ட் இளகாமல் நட் பெயர்ந்து உள்ளேயே சுற்றும். மேலும் முறுக்கிப் பயனில்லை. பழைய பாடிதானே, பக்கவாட்டில் தகட்டைச் சதுரமாக வெட்டி நட்டைப் பிடித்துக் கழற்றுங்கள். எடுத்த போல்ட்டுகளை எந்த இடத்தினுடையது என்று எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். நீளம் 5 மி.மீ. கூடின போல்ட் தவறான இடத்தில் ஏறினால் எதையாவது துளைத்துவிடும்.

* * *

ஒயரிங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த வேலையில் ஆளைச் சோர்வாக்குவது என்ஜின் இல்லை, ஒயர்தான்.

எந்தக் காரணத்துக்காகவும் ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டை, வெட்டாதீர்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் துணி டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள், காகித டேப் எண்ணெய் பட்டால் உரிந்துவிடும். வெளியே இழுப்பதற்குமுன் வெயிலில் வைத்து இளக்குங்கள். குளிர்ந்த பழைய ஒயரின் உறை வளையாமல் வெடிக்கும். புதுப் பாடியின் தூண்களுக்குள் முன்கூட்டியே நூல் ஓடவிட்டு, அதில் கட்டி இழுங்கள். சாவி, என்ஜின் கம்ப்யூட்டர், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத கருவி) மூன்றும் ஒரே காரிலிருந்து வர வேண்டும். ஒன்று மாறினாலும் ஸ்டார்ட் ஆகாது.

எர்த் புள்ளிகளை, அதாவது கரண்ட் திரும்புவதற்காக ஒயரைப் பாடியோடு இணைக்கும் இடங்களை, தனியாகக் கவனியுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பாடியில் அந்த இடங்களும் பெயின்டால் மூடியிருக்கும். அப்படியே விட்டால், இண்டிகேட்டர் போட்டதும் பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னும், ஹெட்லைட் மங்கலாக எரியும். கரண்ட் திரும்ப வழியில்லாமல் வேறு பல்பு வழியாக ஓடுவதுதான் காரணம். ஒவ்வொரு எர்த் இடத்தையும் உப்புத்தாளால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

* * *

பெயின்ட்டுக்குப் பின் மரைகளைச் சுத்தம் செய்யவேண்டியிருக்கும். எம்6, எம்8, எம்10 (6, 8, 10 மி.மீ. போல்ட்) துளைகளில் சரியான பிட்ச், அதாவது மரை இடைவெளி, பார்த்து மரை அறுக்கும் டேப் போடலாம் என்பார்கள். சீட் பெல்ட் துளைகளுக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். டேப் பெயின்ட்டோடு உலோகத்தையும் அறுக்கும், விபத்தில் மொத்தப் பாரமும் அந்த மரையில்தான் விழும். பல கார்களில் அது 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை உள்ள போல்ட். மில்லிமீட்டர் போல்ட்டை நுழைத்து முறுக்கவே கூடாது. பழைய போல்ட் ஒன்றின் நீளவாக்கில் பள்ளம் அறுத்து, அதையே மெல்ல ஏற்றி இறக்கினால் பெயின்ட் மட்டும் வந்துவிடும்.

சில் போன்ற பெட்டிப் பகுதிகளுக்குள் துருவைத் தடுக்கும் மெழுகு அடிப்பது பெயின்ட் காய்ந்த பிறகு. நீர் வடியும் துளைகளை அதன் பின் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

* * *

மாட்டும் வரிசை: பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஒயரிங், ஹீட்டர் பெட்டி, பெடல்கள், பிறகே டாஷ்போர்டு. ஹீட்டர் பெட்டியை மறந்தால் டாஷ்போர்டு மறுபடி வெளியே வரும். கூரைத் துணியை முன்கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

பிரேக் குழாய்களைப் பழைய காரிலிருந்து மாற்றாதீர்கள். 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் குழாய் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. ஆனால் முனையை விரிப்பதில் இரண்டு வகை உண்டு, ஒன்றின் முனை மற்றதன் இருக்கையில் அமராது, கசியும். பழைய முனையை பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்யுங்கள். பிரேக் ஆயில் புதுப் பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்தால் மட்டும் போதாது.

என்ஜினை மேலிருந்து இறக்குவதைவிட, கிராஸ் மெம்பரோடு (என்ஜினுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம்) கீழே தள்ளுவண்டியில் வைத்துப் பாடியை அதன்மேல் இறக்குவது எளிது, பெயின்ட்டும் கீறாது. சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டுகளை அப்போது கையால் முடிந்த அளவு மட்டுமே இறுக்குங்கள். கார் தன் சக்கரங்களில் நின்று, பாரம் இறங்கிய பிறகுதான் முழு டார்க், அதாவது குறித்த அளவு முறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ஆர்மின் முனையிலுள்ள புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

* * *

இதோடு ஒன்று. கார்ப்பெட்டைக் கடைசியில் போடுங்கள். அதற்குமுன் ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியே கதவடியில் தொடங்கிக் கண்ணாடி வரை கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடைவெளியில் நுழைந்தது என்று தெரியாது. அலைன்மென்ட் பார்த்து, 100 கி.மீ.க்குள் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். அதுவரை பழைய பாடியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஏதாவது ஒரு கிளிப்பும் பிராக்கெட்டும் இன்னும் அதிலேயே இருக்கும்.